கப்பல் வரவில்லை, காசு மட்டும் போனது. அதை ஊழல் என்று சொல்லக்கூடாதாம்

வன்னிக் கமக்காரன்

நேற்று விலைவாசித் திரியில் கணக்கன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "2022 இல் இலங்கையில் வந்த உணவுத் தட்டுப்பாட்டுக்கு ஊழல் காரணமில்லை. பசளைத் தடை என்ற ஒரு பிழையான முடிவுதான் காரணம். எல்லாவற்றுக்கும் களவு, களவு என்று கத்துவது எங்கள் ஆட்களின் பழக்கம்."

இதை வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. நான் ஐந்து ஏக்கர் வயல் செய்கிறவன். அந்த வருடம் என்ன நடந்தது என்று எனக்குப் புத்தகம் பார்த்துத் தெரியவேண்டியதில்லை. 2021 மே 6 இல் வர்த்தமானி வந்தது. இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் நாட்டுக்குள் வரக்கூடாது என்றார்கள். பத்து வருடத்தில் படிப்படியாக மாறுவோம் என்றுதான் தேர்தலில் சொன்னார்கள். பத்து வருடம் ஒரே இரவாகிவிட்டது. சரி, அது முட்டாள்தனம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த முட்டாள்தனத்துக்குள் யார் யார் சம்பாதித்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

யூரியாவுக்குப் பதிலாகச் சீனாவிலிருந்து சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், வரும் என்றார்கள். ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலில் 20,000 தொன் ஏற்றினார்கள். மாதிரியில் எர்வினியா கிருமி இருக்கிறது என்று எங்கள் தாவரத் தனிமைப்படுத்தல் சேவை சொன்ன பிறகும் கப்பல் புறப்பட்டது. இறக்க விடவில்லை. மாதக்கணக்காகக் கடலில் சுற்றியது. ஒரு மூடை கூடக் கரைக்கு வரவில்லை. கடைசியில் 2022 சனவரியில் அந்த நிறுவனத்துக்கு மக்கள் வங்கி ஊடாக 6.9 மில்லியன் டொலர் கொடுத்தார்கள். வராத பசளைக்கு 69 இலட்சம் டொலர்! கணக்கன் தம்பி, இது களவு இல்லை என்றால் வேறு என்ன பெயர்?

கணக்கன்

முதலில், நான் உங்கள் தம்பி இல்லை. எனக்கும் 52 வயது.

இரண்டாவது, அந்தப் பணம் ஒப்பந்தப் பிரச்சினையைத் தீர்க்கக் கொடுத்த பணம். எல்சி, அதாவது சரக்கை ஏற்றினால் பணம் தருவோம் என்ற வங்கி உத்தரவாதம், திறந்தாயிற்று. விற்றவர் சரக்கை ஏற்றிவிட்டார். கொழும்பு வணிக மேல் நீதிமன்றம் பணம் கொடுக்கத் தடை போட்டதும் சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. ஓர் அரச வங்கியின் எல்சியை வெளிநாட்டில் எவரும் நம்பாவிட்டால் நாளைக்கு மருந்து வராது, எரிபொருள் வராது. அதனால் தீர்த்தார்கள். கெட்ட முடிவு, கையாலாகாத முடிவு என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஒருவர் பையில் போனது என்பதற்கு ஆதாரம் எங்கே?

அப்புறம், 2020 இல் பசளை இறக்குமதிக்கு நாடு செலவழித்தது 259 மில்லியன் டொலர். 259 எங்கே, 6.9 எங்கே? உங்கள் வயலில் நெல் விளையாமல் போனது யூரியா இல்லாததால். கப்பலால் இல்லை.

வன்னிக் கமக்காரன்

52 வயது என்றால் எனக்கு 61. தம்பி என்றால் தம்பிதான்.

எல்சி திறந்தாயிற்று என்று நீங்கள் சொல்வது, மழை பெய்தாயிற்று என்பது போல இருக்கிறது. எல்சி தானாகத் திறக்காது. மாதிரி சரிவராத சரக்குக்கு எல்சியைத் திறந்தது யார்? அதற்கு ஒப்பமிட்டது யார்? அதைச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் தூதரகம், கறுப்புப் பட்டியல் என்று போகாதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். கிருமி இருக்கிறது என்று எழுதிய அதிகாரியிடம் அந்தச் சீன நிறுவனம் 8 மில்லியன் டொலர் நட்டஈடு கேட்டுக் கடிதம் அனுப்பியது. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஓர் அரச உத்தியோகத்தர். அந்த ஆய்வுகூடக்காரர்கள் பின்வாங்கவில்லை. அவர்கள் பின்வாங்கியிருந்தால் அந்தக் கிருமி இன்றைக்கு எங்கள் மண்ணுக்குள் இருந்திருக்கும். உருளைக்கிழங்கையும் கரட்டையும் அழுக வைக்கிற கிருமி அது. காசு கேட்டவனுக்குக் கிடைத்தது. சரியாக வேலை செய்தவனுக்கு மிரட்டல் கடிதம். இந்த நாட்டில் ஊழல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மட்டுநகரான்

கமக்காரன் அண்ணை சொல்வது சரி. ஆனால் கப்பலையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். சீனியை மறந்துவிட்டீர்களா? 2020 ஒக்டோபரில் ஒரே இரவில் சீனி இறக்குமதி வரி கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக இறங்கியது. கடையில் விலை இறங்கவில்லை. ஏற்கனவே சீனியோடு காத்திருந்தவர்களுக்கு இலாபம். அரசுக்கு இழப்பு 15.9 பில்லியன் ரூபாய் என்று பாராளுமன்ற நிதிக் குழுவிலேயே வந்தது. அன்றைய மாற்று விலையில் 80 மில்லியன் டொலருக்கு மேல். அந்தக் காசுக்கு எவ்வளவு யூரியா வாங்கியிருக்கலாம் என்று கணக்கன் ஐயாவே கணக்குப் போடட்டும்.

கணக்கன்

வரியைக் குறைப்பது அரசின் கொள்கை. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 இலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். அதுவும் பைத்தியக்கார முடிவு. அதையும் களவு என்பீர்களா? ஒவ்வொரு பிழைக்கும் களவு என்று பெயர் வைத்தால், பிழையைத் திருத்த ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். கள்ளனைப் பிடி என்று ஓடுவோம். அடுத்த அரசும் அதே பிழையை நேர்மையாகச் செய்யும்.

நான் யாரையும் காப்பாற்ற வரவில்லை. நானும் கொழும்பில் எரிவாயு வரிசையில் இரண்டு இரவு நின்றவன். ஆனால் அந்த 6.9 மில்லியன் ஊழல் என்று நிரூபிக்க உங்களிடம் ஒரு கடதாசி கூட இல்லை.

குளிர்தேசத்தான்

எரிவாயு வரிசையில் நின்ற கதையை எத்தனை முறை எழுதுவீர்கள் கணக்கன்? நாங்களும் இங்கே இரட்டை வேலை செய்து அந்த மாதங்களில் வீட்டுக்குக் காசு அனுப்பியவர்கள்தான். நான் அனுப்பியிராவிட்டால் என் அக்கா குடும்பம் மூன்று வேளையும் சாப்பிட்டிருக்காது. அதை ஒருவரும் சொல்வதில்லை.

கமக்காரன் அண்ணை, நீங்கள் பெயரைச் சொல்லுங்கள். பயப்படாதீர்கள். 69 இலட்சம் பேர் கோட்டாபயவுக்குப் போட்ட வாக்குக்கு 69 இலட்சம் டொலர் போனது, அவ்வளவுதான் கணக்கு.

மட்டுநகரான்

குளிர்தேசத்தான், நீங்கள் அனுப்பிய காசுக்கு நன்றி. ஆனால் அந்த 69 இலட்சத்தில் வடக்கு கிழக்கு வாக்கு எத்தனை என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். நாங்கள் அவருக்குப் போடவில்லை. பசி எங்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது. போன வருடமும் தேர்தல் திரியில் இதே மாதிரித்தான், "அங்கே உள்ளவர்கள் சோரம் போய்விட்டார்கள்" என்று எழுதினீர்கள். நான் மறக்கவில்லை.

குளிர்தேசத்தான்

நான் அப்படி எழுதவில்லை. "சிலர்" என்று எழுதினேன்.

வன்னிக் கமக்காரன்

தேர்தலை விடுங்கள் இரண்டு பேரும். கணக்கன் கடதாசி கேட்கிறார். என்னிடம் கடதாசி இல்லை, வயல் இருக்கிறது. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்தக் காலபோகத்துக்கு எங்களுக்குச் சேதனப் பசளை என்று சில மூடை கொடுத்தார்கள். எந்த அலுவலகம் என்று பெயர் சொல்ல மாட்டேன். மூடையை முற்றத்தில் கொட்டினேன். அரைவாசி மண். மிச்சத்தில் கல்லு, பொலித்தீன் துண்டு, உடைந்த போத்தல் கண்ணாடி. என் மனைவி சுளகை எடுத்துவந்து புடைத்துப் பார்த்தாள். பசளையைச் சுளகில் புடைத்த கமக்காரர் நாங்கள்தான். அந்த மூடைக்கு யாரோ ஒப்பந்தம் எடுத்திருக்கிறான். யாரோ தரம் சரி என்று ஒப்பமிட்டிருக்கிறான். யாரோ காசு வாங்கியிருக்கிறான். அதுவும் கொள்கைப் பிழையா?

நவம்பரில் தடையை எடுத்தார்கள். எடுத்து என்ன, கடையில் சாமான் இல்லை. பயிர் மஞ்சளாகி முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. ஏக்கருக்கு 25 மூடை எடுக்கிற காணியில் 11 மூடை வந்தது. அதிலும் கையில் அள்ளினால் பதர் பறந்தது. வெட்டு மெசின்காரன் டீசல் விலையைச் சொல்லி இரட்டைக் கூலி கேட்டான். அந்த மாசியில் நான் விதைநெல்லை விற்றேன். என் அப்பா காலத்தில் இடம்பெயர்ந்து ஓடின போதும் விதைநெல்லை உரப்பையில் கட்டிக்கொண்டு ஓடினோம். விற்கவில்லை. இப்போது விற்றேன்.

அந்த நேரத்தில் கறுப்புச் சந்தையில் யூரியா இருந்தது, தெரியுமா? காசு இருந்தவனுக்கு இருந்தது. தடை என்று சொன்ன நாட்டுக்குள் அது எப்படி வந்தது, யாருடைய களஞ்சியத்தில் கிடந்தது? அதையும் எல்சி திறந்துதான் கொண்டுவந்தார்களா?

கொழுந்துக்கூடை

அண்ணன்மாரே, நெல்லையே பேசிக்கொண்டு இருக்கிறீர்கள். தேயிலைக்கும் அதே தடைதான். 2022 இல் தேயிலை உற்பத்தி கால் நூற்றாண்டில் இல்லாத அளவு விழுந்தது. கொழுந்து இல்லை என்றால் எங்களுக்குப் பேர், அதாவது நாட்கூலி, இல்லை. 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கிலோக் கணக்கு எடுக்காவிட்டால் அரைப் பேர். மரத்தில் கொழுந்து இல்லாமல் எங்கே போய் எடுப்பது? கோதுமை மா விலை ஏறியது. எங்கள் லயத்தில் ரொட்டிதான் காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு. என் மகள் பள்ளிக்கூடத்துக்கு வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன நாட்கள் இருக்கின்றன. சீனி போடாமல்.

கப்பல் களவா பிழையா என்று நீங்கள் முடிவெடுங்கள். நாங்கள் இறக்குமதிக்கு டொலர் கொண்டுவந்தவர்கள். அந்த டொலருக்கு என்ன நடந்தது என்று கேட்க எங்களுக்கும் உரிமை இருக்கிறது.

காவிரிக்கரை

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் எந்த ஆட்சி வந்தாலும் ரேஷன் கடையில் அரிசி உண்டு. 2011 இலிருந்து இலவசம். அதனால்தான் கொரோனாவில்கூடப் பட்டினி என்று ஒன்று வரவில்லை. உங்களுக்கு அப்படி ஓர் அமைப்பு இருந்திருந்தால் இந்தக் கஷ்டமே வந்திருக்காது. 2022 மே மாதத்திலிருந்து கட்டம் கட்டமாக 40,000 டன் அரிசி அனுப்ப முடிந்ததும் எங்களிடம் அந்த அமைப்பு இருந்ததால்தான். 

வன்னிக் கமக்காரன்

அனுப்பிய அரிசிக்கு நன்றி ஐயா. எங்கள் வீட்டுக்கும் 10 கிலோ வந்தது, சமைத்தோம், மறக்க மாட்டோம். ஆனால் உங்கள் டெல்டாவில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்காமல் நெல் நிறுக்க மாட்டார்கள் என்று உங்கள் விவசாயிகளே தொலைக்காட்சியில் சொல்வதை நானும் பார்க்கிறேன். கொடுக்காதவனுக்கு ஈரப்பதம் 17 வீதத்துக்கு மேல் என்று சொல்லி மழையில் போடுகிறார்களாம். எங்களுக்குப் பாடம் எடுக்க முதல் அதைப் பாருங்கள்.

காவிரிக்கரை

நான் பாடம் எடுக்கவில்லை. கமிஷன் இருக்கிறது, மறுக்கவில்லை. என் சித்தப்பாவே கொடுத்திருக்கிறார். ஆனால் அரிசி கடைக்கு வந்து சேர்கிறது. திருடினாலும் வந்து சேர்கிறது. வித்தியாசம் அதுதான்.

கணக்கன்

பாருங்கள், காவிரிக்கரை என் கருத்தையே சொல்லிவிட்டார். அங்கே ஊழலும் இருக்கிறது, உணவும் இருக்கிறது. ஆகவே பஞ்சத்துக்குக் காரணம் ஊழல் இல்லை. கொள்கைதான். இதைத்தான் முதல் நாளே சொன்னேன்.

2023 நவம்பரில் எங்கள் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கோட்டாபய, மகிந்த, பசில், மத்திய வங்கி ஆளுநர்களாக இருந்த இருவர், எல்லோரும் பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பு என்றது. எந்தச் சொல்லால்? பொதுமக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்றது. கையூட்டு வாங்கினார்கள் என்று சொல்லவில்லை. நீதிமன்றமே சொல்லாததை நீங்கள் சொல்கிறீர்கள்.

காவிரிக்கரை

என்னை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இன்னொன்று, அது உச்ச நீதிமன்றம் இல்லையா? உயர் நீதிமன்றம் என்று எழுதுகிறீர்களே.

மட்டுநகரான்

இங்கே அதற்குப் பெயர் உயர் நீதிமன்றம்தான். நீங்கள் உயர் நீதிமன்றம் என்பதை நாங்கள் மேல் நீதிமன்றம் என்போம். எங்கள் நாட்டு நீதிமன்றத்துக்குப் பெயரும் நீங்களா வைக்கப்போகிறீர்கள்?

காவிரிக்கரை

கேட்டால் குற்றமா? தெரியாமல்தான் கேட்டேன்.

வன்னிக் கமக்காரன்

கணக்கன் தம்பி தீர்ப்பைக் காட்டிவிட்டார். சரி, நானும் ஒரு தீர்ப்பைக் காட்டுகிறேன். தடை வந்த காலத்தில் விவசாய அமைச்சர் யார்? மகிந்தானந்த அளுத்கமகே. 2025 மே மாதம் அவருக்குக் கொழும்பில் 20 வருடக் கடூழியச் சிறை விதித்தார்கள். எதற்கு? 2015 தேர்தலுக்கு முதல் 14,000 கரம் பலகையும் 11,000 தாம் பலகையும் சதொச ஊடாக வாங்கிக் கொடுத்த வழக்கில். அரசுக்கு இழப்பு 53 மில்லியன் ரூபாய். அன்றைக்கு சதொசவின் தலைவராக இருந்த நளின் பெர்னாண்டோவுக்கு 25 வருடம். அவர் பிறகு வர்த்தக அமைச்சரானார்.

சதொச என்றால் என்ன? ஏழை சனம் அரிசியும் பருப்பும் மலிவாக வாங்குகிற கடை. அந்தக் கடையின் காசில் கரம் பலகை வாங்கினார்கள். அதே சதொசவில் 2021 இல் வெள்ளைப்பூடு கொள்கலன்கள் மலிவு விலைக்கு வெளியே போன கதையும் எல்லோருக்கும் தெரியும். கரம் பலகையில் கை வைத்தவரிடம் நாட்டின் பசளையைக் கொடுத்தால், அங்கே மட்டும் கை சுத்தமாக இருந்தது என்று நான் நம்பவேண்டுமா?

கணக்கன்

நம்பவேண்டாம். நிரூபியுங்கள். கரம் பலகை வழக்கு கரம் பலகை வழக்கு. அதைக் கொண்டுவந்து கப்பலில் ஏற்றாதீர்கள்.

குளிர்தேசத்தான்

கணக்கன், உங்களுக்கு அவர்கள் எவ்வளவு தருகிறார்கள்?

கணக்கன்

இதுதான் உங்கள் தரம். மாற்றிப் பேசினால் காசு வாங்கினவன். நான் 1990 இல் கையில் ஒரு பையோடு கொழும்புக்கு வந்தவன். 30 வருடம் மற்றவர்களின் புத்தகத்தைக் கணக்காய்வு செய்து ஒரு சதம் பிழையாக வாங்காமல் வாழ்ந்தவன். அதனால்தான் ஊழல் என்ற சொல்லைக் கண்டபடி எறிய எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையான கள்ளன் அந்தச் சத்தத்துக்குள் ஒளித்துக்கொள்கிறான். நான் பார்த்திருக்கிறேன்.

கொழுந்துக்கூடை

கணக்கன் அண்ணனைக் காசு வாங்கினவர் என்பது பிழை. அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அது பிழை.

வன்னிக் கமக்காரன்

நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். கணக்கன் நேர்மையான ஆள், அது எனக்குத் தெரியும். ஆனால் நேர்மையான ஆட்கள் கடதாசி, கடதாசி என்று கேட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் களஞ்சியம் காலியாகிறது.

அபிவிருத்தி என்று சொல்லி மத்தளையில் 200 மில்லியன் டொலருக்கு மேல் கொட்டி விமான நிலையம் கட்டினார்கள். 2013 இல் திறந்தார்கள். விமானம் வரவில்லை. 2015 இல் அங்கே நெல் மூடை அடுக்கினார்கள். நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு ஒழுங்கான களஞ்சியம் கட்டக் காசில்லாத நாட்டில், நெல் அடுக்க ஒரு சர்வதேச விமான நிலையம்! அந்தக் காசில் ஒவ்வொரு குளத்தடியிலும் ஒரு களஞ்சியம் கட்டியிருந்தால், அறுவடை முடிந்த அன்றே ஆலைக்காரன் சொல்லும் விலைக்கு நாங்கள் நெல்லைக் கொடுக்கத் தேவையில்லை. ஆலைக்காரன் பதுக்கவும் முடியாது. இதையும் பிழையான முதலீடு என்பார் கணக்கன்.

கணக்கன்

ஆம், பிழையான முதலீடுதான்.

வன்னிக் கமக்காரன்

பார்த்தீர்களா! 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். 63 இலட்சம் பேருக்கு ஒழுங்கான சாப்பாடு இல்லை என்று உலக உணவுத் திட்டமும் ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து சொன்னார்கள். இவ்வளவுக்கும் பிறகு ஒரு பிழையான முடிவு, ஒரு பிழையான முதலீடு, ஒரு பிழையான வரி. எல்லாப் பிழையும் ஒரே பக்கமாக விழுந்தது. ஒரு பிழையாவது கமக்காரன் பக்கம் இலாபமாக விழக் கூடாதா? முப்பது வருடம் கணக்குப் பார்த்த உங்களுக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லையா?

கணக்கன்

வித்தியாசமாகத் தெரிவது வேறு, ஆதாரம் வேறு.

மட்டுநகரான்

சர்வதேச நாணய நிதியமே 2023 செப்டம்பரில் இலங்கையின் ஆட்சிமுறை, ஊழல் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. ஆசியாவிலேயே முதல் நாடு நாங்கள்தான். அதை வாசித்தீர்களா கணக்கன் ஐயா?

கணக்கன்

வாசித்தேன். அதில் இந்தக் கப்பலுக்கான காசு யாருடைய பைக்குப் போனது என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பக்க எண்ணைப் போடுங்கள்.

குளிர்தேசத்தான்

மட்டுநகரான், நான் "சிலர்" என்றுதான் எழுதினேன். தேடி எடுத்துப் போடட்டுமா?

மட்டுநகரான்

போடுங்கள். அதற்குக் கீழே நான் என்ன எழுதினேன் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

வன்னிக் கமக்காரன்

எனக்கு விடிய நாலு மணிக்குத் தண்ணீர் முறை. வாய்க்காலுக்குப் போகவேண்டும். பின்னேரம் வந்து எழுதுகிறேன். கணக்கன் தம்பி, 259 எங்கே 6.9 எங்கே என்று கேட்டீர்கள். நான் இன்னும் அந்த 6.9 இலேயே நிற்கிறேன். எல்சியை யார் திறந்தது?

கணக்கன்

நான் உங்கள் தம்பி இல்லை.